மிச்சம் ஆறு மலை

நான் ஒரு காலத்தில் நாற்பத்தொரு பொய்க் கடிதம் எழுதியவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் இனிச் சொல்லப்போகிற எதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். என்ன செய்வது, நான் எழுதுவதையெல்லாம் பென்சிலோடு வாசிக்கிற ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பயந்தாவது உண்மையை எழுதித்தான் ஆகவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊரின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில், ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். பகலில் தொழிற்சாலை ஒன்றில் கதவுக் கைப்பிடிகளைப் பெட்டிக்குள் அடுக்குவேன். பின்னேரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நிலம் துடைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். ரொறன்ரோ எப்படிப்பட்ட ஊர் என்று யாராவது கேட்டால், இரண்டு பஸ் பாதைகளையும் அவற்றின் தரிப்புகளையும் வரிசையாகச் சொல்லுவேன். அதற்கு மேல் இந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்போது வீட்டார் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவள். தாயோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தாள். படம் மாற்றிக்கொண்டோம், பிடித்திருந்தது, கடிதம் எழுதலாம் என்று அனுமதி கிடைத்தது. அவளுடைய முதல் கடிதம் மிகச் சுருக்கமானது. நலம் விசாரித்துவிட்டு, 'நீங்கள் இருக்கிற ஊரைப் பற்றி விவரமாக எழுதுங்கள்' என்று முடித்திருந்தாள்.

பேனாவோடு உட்கார்ந்தேன். அறையில் இருந்த ஒரே ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரிந்தன. இதையா ஒரு பெண்ணுக்கு எழுதுவது? சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு கலண்டர் தொங்கியது. என்னோடு படித்தவன் ஒருவன் நோர்வேயில் பேர்கன் என்ற ஊரில் போய்ச் சேர்ந்திருந்தான், அவன் அனுப்பியது. துறைமுகத்தை ஒட்டி சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நிறம் பூசிய மரவீடுகள், மீன் சந்தை, படகுகள், பின்னால் பச்சை மலைகள். 'மச்சான், இந்த ஊரைச் சுற்றி ஏழு மலை, வருசம் முழுக்க மழை' என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தான்.

கண்ணில் பட்டதை எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். 'நேற்று வேலை முடிந்து துறைமுகப் பக்கம் நடந்து போனேன்' என்று தொடங்கினேன், பேனா நிற்கவில்லை. அடுத்த கடிதத்துக்கு அடுத்த மாதப் படம். பன்னிரண்டு படமும் முடிந்த பிறகு ஒவ்வொரு படத்தின் மூலை முடுக்கையும் தனித்தனியாக எழுதினேன். மழையில் சைக்கிள் ஓடினேன், மரவீட்டு ஜன்னலில் ஒரு பூனையைக் கண்டேன், மீன் விற்கிற கிழவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்கு முன்பே, பதினோராவது கடிதத்தில், ஏழு மலையையும் எழுதிவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

அவளுடைய தாய்க்கு அந்தக் கடிதம் நன்றாகப் பிடித்துவிட்டதாம். 'ஏழு மலை இருக்கிற ஊரென்றால் அங்கே பெருமாளே குடியிருப்பார், நல்ல சகுனம்' என்று லொட்ஜில் இருந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தாவாம். அவளுடைய பதிலில் இதை வாசித்துவிட்டுப் பெருமையோடு கைப்பிடி அடுக்கப் போனேன்.

ஒரு நாள் விசா கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. இன்னும் நான்கு மாதத்தில் அவள் வந்துவிடுவாள்.

பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் கல்யாணம் பேசிய பெண்ணை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம், ஆனால் வந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து நடக்கவேண்டும். எழுத்து என்றால் எங்கள் பேச்சில் கல்யாணப் பதிவு. அந்த மூன்று மாதத்துக்குள் 'எனக்கு இந்த ஆள் வேண்டாம்' என்று அவள் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவள் கண்டது என்னுடைய ஒரு படம். மற்றபடி அவள் அறிந்த மாப்பிள்ளை அந்தக் கடிதங்களில்தான் இருந்தான், அவனோ பேர்கனில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. நான் எழுதிய இடங்களை ரொறன்ரோவில் தேடிப் பிடிப்பது.

ஞாயிறு ஓவர்டைமை விட்டேன். பக்கத்துத் தெருவில் பழைய சாமான் போட்டு விற்ற ஒரு வீட்டில் ஒரு சைக்கிள் வாங்கினேன். பெரிய தெருவுக்கு இறங்கியதும், யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் என் பாட்டுக்கு இடது பக்கமாக மிதித்தேன். எதிரே ஒரு பஸ் வந்து என் முன்சில்லுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. பார்த்தால், ஆறு வருடமாக என்னை வேலைக்கு ஏற்றிப்போகிற அதே டிரைவர். ஜன்னலைத் திறந்து மற்றப் பக்கத்தைக் கையால் காட்டினார். ஆறு வருடம் இந்தத் தெருவில் போய்வந்தும், எந்தப் பக்கத்தால் போகிறோம் என்று ஒரு நாளும் நான் கவனித்ததில்லை.

அன்று தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் விடியப் புறப்பட்டேன். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கு வழியாக ஆற்றங்கரையோரம் நகர நடுவான டவுன்ரவுன் வரை இரண்டு மணி நேரம் மிதிப்பேன். அங்கே சைக்கிளைக் கம்பத்தில் பூட்டிவிட்டு நடப்பேன். வழி கேட்க வெட்கப்பட்டு ஒரே தெருவை மூன்று தரம் சுற்றியிருக்கிறேன். டவுன்ரவுனுக்கு மேற்கே, பழைய மார்க்கெட் பக்கம், நிறம் பூசிய வீடுகளைக் கண்டபோது தெருவில் நின்று கைதட்டிவிட்டேன். மரவீடுகள் அல்ல, செங்கல் வீடுகள்தான். ஆனால் சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, நான் எழுத மறந்த ஊதாவும் இருந்தது. பக்கத்திலேயே மீன்கடை. அங்கிருந்த கிழவர் தலையாட்டாமல் 'வாங்குகிறாயா, இல்லையா' என்று கேட்டார். மூன்று ஞாயிறு தொடர்ந்து மீன் வாங்கிய பிறகு தலையாட்டத் தொடங்கினார்.

ஏரியைக் கண்டதும் அப்படித்தான். ஆறு வருடம் இருந்த ஊருக்குத் தெற்கே கரை தெரியாத ஓர் ஏரி கிடக்கிறது, அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் மறந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை தண்ணீரில் நின்றேன். ஏப்ரல் மாதத் தண்ணீர், கால் விறைத்துவிட்டது. படகேறித் தீவுக்குப் போனேன், அங்கே சின்னச் சின்ன வீடுகளும் பூனைகளும் இருந்தன. கடிதத்தில் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன.

மலை மட்டும் அகப்படவில்லை. வடக்கே போனேன், கிழக்கே ரூஜ் ஆறு வரை போனேன். இந்த ஊர் தோசைக்கல்லைப் போலக் கிடக்கிறது. கடைசியில், ஸ்காபரோவின் தெற்கு விளிம்பில், ஏரிக்கரையில் இருந்து நிமிர்ந்து நிற்கிற வெள்ளை மண்பாறைகளைக் கண்டேன். மேலே நின்று பார்த்தால் அது வெறும் புல்தரை. கீழே இறங்கி நின்று, கழுத்தை நன்றாக நிமிர்த்தி, கொஞ்சம் மனம் வைத்துப் பார்த்தால் மலை என்று சொல்லலாம்.

ஜூன் மாதம் அவள் வந்து சேர்ந்தாள். அவளுடைய சின்னம்மா வீட்டில்தான் தங்கினாள். ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்ற் கட்டடம், பதினாலாம் மாடி. அடுத்த நாள் காலை நான் சைக்கிளில் போய் இறங்கியதைச் சின்னம்மா மேலே நின்று பார்த்துவிட்டா.

"தம்பி, கார் இன்னும் எடுக்கேல்லையோ?" என்று கதவடியிலேயே கேட்டா.

"சைக்கிள் உடம்புக்கு நல்லது, அன்ரி."

"ஓம் ஓம். உடம்புக்கு நல்லதுதான். சனம் பார்த்தால் என்ன சொல்லும்?"

அதற்குள் அவள் பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். படத்தில் பார்த்ததைவிட உயரம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது கோடியில் இருந்து வலது கோடி வரை மெதுவாகப் பார்த்தாள். பதினாலாம் மாடியில் இருந்து ஊர் முழுவதும் தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மேடு கிடையாது.

"மலை எங்கை?" என்றாள். அவள் நேரில் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவைதான்.

"இண்டைக்குப் புகார் மூடியிருக்கு" என்றேன். மூடுபனியும் இல்லை, வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லை. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

என் கடிதங்கள் நாற்பத்தொன்றையும் ஒரு பைலில் போட்டு, இலக்கமிட்டு, கொண்டு வந்திருந்தாள். "ஒவ்வொண்டா பார்ப்பம்" என்றாள். பொழுதுபடுவதற்கு முன்னே திரும்பவேண்டும் என்ற நிபந்தனையோடு சின்னம்மா விட்டா. நான் அவளுக்கும் ஒரு பெண்கள் சைக்கிள் தேடி வைத்திருந்தேன். ஊரில் யுத்தத்தால் பெட்ரோல் இல்லாத காலம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்தவள் அவள். முதல் சந்தி தாண்டியதும் என்னை முந்திவிட்டாள்.

அந்த ஆறு வாரங்களைப் போல நான் சந்தோசமாக இருந்ததில்லை. ஒரு இடத்துக்குப் போனதும் அவள் சைக்கிளை நிறுத்தி, பைலைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்து வாசிப்பாள். பிறகு நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு ரீச்சர் கணக்காகப் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு சரி போடுவாள். நிறவீடுகளுக்குச் சரி. மீன்கடைக் கிழவர் என்னைக் கண்டு தலையாட்டினார், அதற்குப் பெரிய சரி. தீவில் ஒரு வீட்டுப் படியில் பூனை படுத்திருந்தது, அந்தப் பூனைக்கு நான் மனதுக்குள் கோவில் கட்டினேன். 'அனேகமாக ஒவ்வொரு நாளும் மழை' என்ற வரிக்கு மட்டும் கேள்விக்குறி போட்டாள். ஆறு வாரத்தில் இரண்டு தரம்தான் மழை பெய்தது.

திரும்பி வரும்போது பள்ளத்தாக்கில் சைக்கிள்களைப் புல்லில் சாய்த்துவிட்டு உட்காருவோம். அவள் கதைப்பாள், நான் சிரிப்பேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பேசிய சம்பந்தம் என்பதற்காக அல்ல, அவள் இல்லாத ஞாயிறு இனி எனக்கு வேண்டாம் என்பதுபோலப் பிடித்துவிட்டது. பிடிக்கப் பிடிக்கப் பயமும் கூடியது. அவள் சரி போட்டது எல்லாம் அந்தப் பேர்கன்காரனுக்குத்தானே?

ஓகஸ்ட் தொடக்கத்தில் கல்யாணத்துக்கு ஹோல் எடுத்தாயிற்று, அழைப்பிதழும் அடித்தாயிற்று. "மலைக் கடிதம் மட்டும்தான் மிச்சம்" என்றாள். "அம்மா போன் எடுக்கிற நேரமெல்லாம் அதைத்தான் கேக்கிறா."

அடுத்த ஞாயிறு அவளை அந்த வெள்ளைப் பாறைகளுக்குக் கீழே கூட்டிப்போனேன். செங்குத்தாக இறங்கும் தெருவில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கி, கரையில் நின்றோம். அவள் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பைலை எடுத்தாள், பதினோராவது கடிதத்தை வாசித்தாள், மறுபடி நிமிர்ந்தாள்.

"வடிவாய்த்தான் இருக்கு. இது ஒண்டு," என்றாள். "மிச்சம் ஆறும் எங்கை?"

வடக்கே என்று சொல்லியிருக்கலாம். தூரம் என்று சொல்லியிருக்கலாம். பென்சிலைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையோடு நின்றவளைப் பார்த்து என்னால் முடியவில்லை.

"இல்லை" என்றேன்.

"எது இல்லை?"

"மிச்சம் ஆறும் இல்லை. இதுவும் மலை இல்லை, மண். நான் எழுதின ஊர் இது இல்லை."

"அப்ப எந்த ஊர்?"

"நோர்வேயிலை ஒரு ஊர்."

"நீங்கள் நோர்வேயிலை இருந்தனீங்களோ?"

"இல்லை. கலண்டரிலை பார்த்தனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடிதங்களை இலக்கப்படி அடுக்கி பைலில் வைத்தாள், பென்சிலையும் வைத்தாள். "நான் போறன்" என்று சைக்கிளில் ஏறினாள். நான் உருட்டிக்கொண்டு ஏறிய அந்தச் செங்குத்துத் தெருவை அவள் ஒரு இடத்திலும் இறங்காமல் மிதித்து ஏறினாள். நான் மேலே வந்தபோது தெருவில் அவள் இல்லை.

ஒரு வாரம் முழுக்க, நான் போன் அடித்தால் சின்னம்மாதான் எடுப்பா.

"தம்பி, என்ன சொன்னனீர் பிள்ளைக்கு? கதைக்கிறாளில்லை, சாப்பிடுறாளில்லை. கல்யாணக் காட் எல்லாம் குடுத்து முடிஞ்சுது."

"அவவை ஒருக்கா..."

"வரமாட்டன் எண்டுறாள்."

எனக்கு அழுகை வந்தது. கைப்பிடி அடுக்குகிற இடத்தில், பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று பின்னேரம் அறைக்கு வந்து நாற்பத்திரண்டாவது கடிதத்தை எழுதினேன். ஜன்னலில் தெரியும் சப்பாத்துகளை எழுதினேன். இரண்டு பஸ் பாதையை எழுதினேன். நிலம் துடைக்கிற கட்டடத்தில் பிடித்த மணத்தையும் பிடிக்காத மணத்தையும் எழுதினேன். பிறகு அந்த நான்கு மாத ஞாயிறுகளை எழுதினேன். இடது பக்கம் ஓடியது, மூன்று ஞாயிறு மீன் வாங்கியது, ஏரியில் கால் விறைத்தது எல்லாவற்றையும். அவள் இருந்த கட்டடம் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன். அவளுக்கு எழுத எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

ஞாயிறு காலை பேஸ்மென்ற் ஜன்னலில் சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் சில்லு வந்து நின்றது. பக்கக் கதவைத் திறந்தேன்.

"அந்தக் கலண்டரைக் காட்டுங்கோ" என்றாள்.

சுவரில் இருந்து கழற்றிக் கொடுத்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதமாகப் புரட்டினாள். "பூனை எங்கை?" என்றாள். மார்ச் மாதத்தில், ஒரு மஞ்சள் வீட்டு ஜன்னலில், எறும்பு அளவில் இருந்ததைக் காட்டினேன். அவளுடைய உதடு சிரிப்புக்குப் போய்த் திரும்பி வந்தது.

"எனக்குக் கோபம் மலைக்கு இல்லை" என்றாள். "நான் ஒவ்வொண்டா சரி போடேக்கை பக்கத்திலை நிண்டு பார்த்தனீங்கள். அதுக்குத்தான். எனக்கு விசர் எண்டு நினைச்சனீங்களோ?"

"நீர் விட்டிட்டுப் போயிடுவீர் எண்டு பயந்தனான்."

"பயந்தவர் மீன்காரனைத் தலையாட்டப் பழக்கி வச்சிருக்கிறார்." கைப்பையில் இருந்து என் கடிதத்தை எடுத்தாள். "நாலு மாசம் ஞாயிறு ஞாயிறா சைக்கிள் ஓடித் தேடியிருக்கிறீங்கள். இதை ஏன் முதலே எழுதேல்லை?"

யோசித்துப் பார்த்தேன். "அது உண்மையா நடந்தது. அதை எழுதலாம் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றேன்.

அவள் பென்சிலை எடுத்து, நாற்பத்திரண்டாவது கடிதத்தின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு சரி போட்டாள். எனக்கு உட்காரவேண்டும்போல இருந்தது. அறையில் இருந்த ஒரே கதிரையில் உடுப்புக் குவிந்து கிடந்ததால் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"பேப்பர் இருக்கோ?" என்றாள். "அம்மாவுக்கு எழுதவேணும்."

கொடுத்தேன். என் மேசையில் குனிந்து நின்று, என் பேனாவால் எழுதினாள். உண்மையை எழுதினால் தாய் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எழுந்து தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

'அன்புள்ள அம்மா, நேற்றோடு ஏழு மலையும் பார்த்து முடித்துவிட்டேன்' என்று இருந்தது.

"கணக்கு ரீச்சர்..." என்று தொடங்கினேன்.

"பேசாமல் இருங்கோ. லொட்ஜ் முழுக்கச் சொல்லி வச்சிருக்கிறா. அவவின்ரை முகத்தை நான் பாக்கேலாது." திரும்பாமலே எழுதிக்கொண்டு போனாள். "அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட ரெண்டு மூண்டு வருசம் ஆகுமாம். ஒண்டு கண்டாச்சு. அதுக்குள்ளை மிச்சம் ஆறையும் தேடிப் பிடிக்கவேணும், ரெண்டு பேருமா."

குறித்த நாளில் எழுத்து நடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு சின்னம்மா வீட்டில் கல்யாண விருந்து. நாங்கள் போகவில்லை என்று அவ இன்றைக்கும் குறை சொல்லுவா. அன்று விடிய நாங்கள் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வடக்கே மிதித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் ஒரு மேடு தென்பட்டது. பழைய குப்பைக் கிடங்கை மண் போட்டு மூடி, புல் வளர்த்திருந்தார்கள். உச்சியில் இரண்டு பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தன. சைக்கிள்களைக் கீழே போட்டுவிட்டு ஏறினோம்.

"இது குப்பை மேடெல்லோ?" என்றேன். உண்மை பேசுகிறவனாக மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்தப் பழக்கம் புதிது.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இடது கோடியில் இருந்து வலது கோடி வரை சுற்றிப் பார்த்தாள். பிறகு பதினோராவது கடிதத்தை எடுத்து, என் முதுகில் வைத்து அழுத்தி, சரி போட்டாள்.

"ரெண்டு" என்றாள்.